லேமினேஷன் போட்ட மெத்தை

என் வீட்டுக்காரரிடம் கொடுத்த காகிதம் இதுவரை ஒன்றுகூடக் கெட்டுப்போனதில்லை. அவரைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை கேட்டால் இதைத்தான் சொல்வேன். கெட்டதாகக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், சாவி செய்கிற கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே அவருடைய கடை. உள்ளே ஒருவர் திரும்ப வேண்டுமானால் இன்னொருவர் வெளியே வந்து நிற்க வேண்டும். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், கால் ஆடுகிற ஒரு ஸ்டூல். ஜெராக்ஸ் எடுப்பது அவருக்குப் பிழைப்பு. லேமினேஷன்தான் உயிர். காகிதத்தை உறைக்குள் செருகி, ஒட்டிய விளிம்பு முதலில் போகும்படி மெஷினில் விடுவார். மறுபக்கம் வந்ததும் ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்ப்பார். ஒரு குமிழி இருந்தால் அன்றைக்கு முழுக்க முகம் சரியிருக்காது. வந்தவர் "பரவால்லங்க, தெரியல" என்றாலும் விடமாட்டார். "உங்களுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுதே!" என்பார்.

இதெல்லாம் கடையோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். வீட்டிலும் அதே கூத்துதான். தண்ணீர் வரி ரசீது, பிரிட்ஜ் வாங்கிய பில், மகளின் முதல் வகுப்பு மார்க் அட்டை, கேபிள்காரனின் போன் நம்பர், எல்லாம் பளபளவென்று ஒரு பெட்டியில் கிடக்கின்றன. ஒருமுறை டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டையும் லேமினேஷன் போட்டுவிட்டார். அடுத்த மாதம் டாக்டர் அதில் மாத்திரையை மாற்றி எழுதப் பார்த்தார். பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. "என்னம்மா இது, சீட்டா, கல்வெட்டா?" என்றார். மானம் போய்விட்டது எனக்கு. வெளியே உட்கார்ந்திருந்த இவரோ, "அவர் பேனா சரியில்ல" என்றார்.

டாக்டரிடம் நான் போவது முதுகுக்காக. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை எனக்கு. காலையிலிருந்து நின்றபடி ஊரார் படுத்த விரிப்புகளை மடித்து அடுக்குவேன். வீட்டுக்கு வந்தால் என் மெத்தை இருக்கிற லட்சணம் இருக்கிறதே! கல்யாணமான புதிதில் வாங்கிய பஞ்சு மெத்தை. நடுவில் குழி. குழியில் நான், மேட்டில் அவர். எந்தப் பக்கம் புரண்டாலும் மறுபடி குழிக்கே வந்து சேருவேன். ஊரெல்லாம் சுகமாகப் படுக்க விரிப்பு மடித்துக் கொடுக்கிறவளுக்கு இந்தக் கதி.

எங்களுக்கு ஒரே மகள். படிப்பு முடிந்ததும் வெகுதூரத்து நகரம் ஒன்றில் வேலை கிடைத்தது. இவருக்கு அவளை அனுப்ப மனசில்லை. மனசில்லை என்றால் மனசில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம் இல்லையா? அப்படிச் சொல்லமாட்டாராம். மூக்குக்கு மேல் கோபத்தை வைத்துக்கொண்டு, கிளம்புகிற அன்றைக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "நீ சம்பாதிச்சுக் கொட்டி எங்களுக்கு ஒண்ணும் ஆகவேண்டியதில்ல. உன் காசு எங்களுக்கு வேண்டாம்" என்றார். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்ல வந்தாராம். இதை எனக்கு அப்புறம் விளக்கினார். என்னிடம் விளக்கி என்ன புண்ணியம்? கேட்டவள் அவளல்லவா! முகம் சுண்டிப்போய் வண்டி ஏறினாள்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் போனில் பேசுவதைக் கேட்டால் எனக்கே பற்றிக்கொண்டு வரும். இவர் "சாப்பிட்டியா?" என்பார். அவள் "ம்" என்பாள். இவர் தொண்டையைச் செருமுவார். அதற்குள் அவள் "அம்மாகிட்ட குடுங்க" என்றுவிடுவாள். போன் என் கைக்கு வந்துவிடும். இவர் எழுந்து போய், ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைப்பார்.

அவளுக்கு முதல் சம்பளம் வந்தது. "அம்மா, உன் முதுகுக்கு ஒரு மெத்தைக் கடை வவுச்சர் அனுப்பியிருக்கேன். பகல்ல வீட்ல யாரும் இருக்கமாட்டீங்கன்னு அப்பா கடைக்கே அனுப்பிட்டேன். அப்பா பேர்லதான்" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. பணமாக அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்திருக்கிறாள். மெத்தை எனக்கு, தூது அவருக்கு. கெட்டிக்காரப் பெண். அப்பனுக்குத் தப்பாமல் இவளும் நேராகச் சொல்லத் தெரியாதவள்.

வவுச்சர் வந்த அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்த நடையே வேறு. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து இரண்டு விரலால் எடுத்து என்னிடம் நீட்டினார். கெட்டி அட்டையில் வவுச்சர். அதன்மேல் கண்ணாடி மாதிரி லேமினேஷன். நாலு மூலையையும் வட்டமாகவேறு வெட்டியிருந்தார். அது பெரிய மனிதர்களின் சான்றிதழுக்கு மட்டும் செய்கிற வேலை.

"பாப்பா அனுப்பினது. பார்த்தியா?" என்றார்.

நான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை. அதன் கீழே, "சுரண்டினால் தெரியும் எண்ணைக் கடையில் காட்டவும். ஆறு மாதம் வரை செல்லும்" என்று எழுதியிருந்தது.

"ஏங்க, இதைச் சுரண்டினாத்தானே நம்பர் தெரியும்?"

"சுரண்டிக்கலாம்."

"எப்படிச் சுரண்டுவீங்க? மேலதான் உறை போட்டுட்டீங்களே!"

வாங்கிப் பார்த்தார். நகத்தால் கீறினார். லேமினேஷன் அவர் போட்டதல்லவா, நகத்துக்கு மசியவில்லை. முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்கியது. கோபம் வரவேண்டிய எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. "அடப்பாவி மனுஷா!" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெத்தைக் கடைக்குப் போனோம். வாசலிலேயே ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்து, "படுத்துப் பாருங்கள்" என்று எழுதியிருந்தார்கள். நான் உட்கார மட்டும் உட்கார்ந்தேன். ஐயோ, என் இடுப்பு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது! கவுண்டரில் இருந்த பெண் வவுச்சரை வாங்கி, "சுரண்டிட்டுக் குடுங்க சார்" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேனேஜரைக் கூப்பிட்டாள்.

மேனேஜர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "யார் சார் போட்டது? ஒரு குமிழி இல்லையே!"

"நான்தாங்க" என்றார் என் வீட்டுக்காரர். அந்த நிலைமையிலும் நெஞ்சு ஒரு அங்குலம் உயர்ந்தது. எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மேனேஜர் நல்ல மனிதர். "ஒண்ணும் பிரச்சனையில்ல சார். இதை யார் வாங்கினாங்களோ அவங்க எங்களுக்கு ஒரு வரி மெயில் போட்டாப் போதும். இதை ரத்து பண்ணிட்டுப் புது நம்பர் குடுத்துடுவாங்க. தேதிக்குள்ள போடணும், அவ்வளவுதான்" என்றார்.

ஒரே ஒரு வரி. மகளுக்கு ஒரு போன். இதோடு முடியவேண்டிய கதை இது.

வெளியே வந்ததும் இவர் நடைபாதையில் நின்றுவிட்டார். "அவகிட்ட சொல்லாத."

"ஏங்க?"

"முதமுதல்ல அனுப்பியிருக்கா. அதையே பாழாக்கிட்டேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? நானே சரி பண்றேன்."

தலைகீழாக நின்று பார்த்தேன். தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று நின்றார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. உன் முதல் சம்பளத்தை அப்பா இப்படி ஆக்கிவிட்டார் என்று கேட்டால் அவள் என்ன நினைப்பாள்? மிச்சம் இருக்கிற "சாப்பிட்டியா"வும் நின்றுபோனால்? மெத்தை போனால் முதுகோடு போகும். இது போனால் வீட்டில் என்ன இருக்கிறது? சரி, ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கலாம் என்று விட்டுவிட்டேன். நான் செய்த தப்பு அது.

அவர் "சரி பண்ணின" அழகைக் கேளுங்கள். பிளேடால் ஓரத்தைப் பிரித்தார். உறையோடு வெள்ளிப் பட்டையும் கிளம்பியது, வெள்ளிப் பட்டையோடு எண்ணும் கிளம்பியது. நிறுத்தினார். இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடாக்கி மேலே வைத்தார். ஒரு மூலை பழுப்பாகிச் சுருண்டது. பல் மருத்துவரிடம் ஏதோ ஊசி மாதிரி ஒரு கருவியை இரவல் வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துத் துருவினார். எப்படியோ முக்கால்வாசி எண்கள் தெரிந்தன. மிச்சத்தை ஊகித்துக் கடையின் வெப்சைட்டில் போட்டுப் பார்த்தார். தப்பு, தப்பு, தப்பு. அப்புறம் அது இவரை உள்ளேயே விடவில்லை. யார் என்ன செய்தாலும் பிரிக்க முடியாத மாதிரி ஒட்டுவதில் ஊரிலேயே பேர் வாங்கியவர். அந்தப் பேர் இப்போது அவர் கழுத்தையே பிடித்தது.

இதற்கு நடுவில் மகள் போன் செய்தாள். "மெத்தை வாங்கியாச்சாம்மா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் கண்ணாலேயே கும்பிட்டார்.

"வாங்கியாச்சு கண்ணு."

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. படுத்தா எழுந்திருக்கவே மனசு வரல." கடை வாசலில் உட்கார்ந்த நினைப்பில் சொன்னேன். அந்த மட்டுக்கும் அது உண்மைதான்.

மறுமுனையில் அவள், "சரிம்மா" என்றாள்.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டுமே! ஒவ்வொரு மாதமும் அவள் மறக்காமல் கேட்டாள். "மெத்தை எப்படிம்மா இருக்கு? நல்லாத் தூங்குறியா?" நானும் ஒவ்வொரு மாதமும் அந்த மெத்தையைப் புகழ்ந்தேன். ஒருநாள் இவரே போனுக்குப் பக்கத்தில் வந்து, "சரியான மெத்தை பாப்பா! நல்ல கம்பெனி!" என்று கத்தினார். அவள், "அப்படியாப்பா" என்றாள். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மும்முரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. மறுநாளே இவர் மெத்தைக் கடைக்கு ஓடினார். தேதிக்குள் ஒரு மெயில் போடவிடாத மனுஷன், தேதி போனதும் என்ன வேகம்! "ஒரே ஒரு நாள்தானே சார்?" என்று கெஞ்சியிருக்கிறார். "ஒரு நாள் ஆனாலும் சிஸ்டம் எடுக்காது சார். நீங்கதான் அன்னிக்கே மெயில் போடச் சொல்லியிருக்கலாமே" என்றாராம் மேனேஜர். திரும்பி வந்து, "அழியாம இருக்கணும்னுதானே போட்டேன்" என்றார். காகிதம் அழியவில்லைதான். தேதிக்கு லேமினேஷன் போட இவரிடம் மெஷின் இல்லையே.

அடுத்த மாதம் மகள் லீவு போட்டு வந்தாள். முந்தின நாள்தான் சொன்னாள். பழைய மெத்தைக்குப் புது விரிப்பு வாங்கிப் போட்டு, நாலு பக்கமும் இழுத்துச் செருகினேன். விரிப்பு போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பார்க்கிறவர்கள் புது மெத்தை என்றுதான் சொல்வார்கள். பார்த்துவிட்டுப் போகிறவர்கள்.

அவள் பையை வைத்தாள், கை கால் கழுவினாள், நேராக அறைக்குள் போய் மெத்தையில் உட்கார்ந்தாள். குழி அவளை வாங்கிக்கொண்டது. சின்ன வயசில் எனக்கும் அவருக்கும் நடுவே படுத்து உருண்ட குழி. அவளுக்குத் தெரியாதா?

சிரிப்பாள், இல்லை திட்டுவாள் என்று நான் நின்றேன். அவள் விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா பொய் சொன்னீங்க?"

"இல்ல கண்ணு..."

"எனக்கு மாசாமாசம் கடைல இருந்து மெசேஜ் வரும்மா. 'நீங்கள் அளித்த பரிசு இன்னும் பயன்படுத்தப்படவில்லை'ன்னு. ஒவ்வொரு தடவையும் அது வந்தப்புறம்தான் உங்கிட்ட மெத்தையப் பத்திக் கேப்பேன். இந்தத் தடவையாவது நெஜத்தைச் சொல்லுவீங்களான்னு. நீ மெத்தை நல்லா இருக்குன்னு சொல்லுவே. போன மாசம் கடைசி மெசேஜ் வந்துச்சு. காலாவதி ஆயிடுச்சுன்னு."

நான் செருகியிருந்த விரிப்பையே மறுபடி இழுத்துச் செருகினேன்.

"அப்பா அன்னிக்கே சொன்னார். என் காசு வேண்டாம்னு. நான்தான் ஏதோ கோபத்துல சொல்லிட்டார்னு நெனச்சேன். அவர் நெஜமாத்தான் சொல்லியிருக்கார். நீயும் அவருக்காக இந்தக் குழியிலயே படுத்துக்கிட்டு எங்கிட்ட பொய் சொல்லியிருக்கே." அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

இவர் கதவோரம் நின்றிருந்தார். கடைக்கு வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன், வாயைத் திறக்கிறார், மூடுகிறார். "சொல்லித் தொலைங்களேன்! இன்னும் எதுக்குக் காப்பாத்துறீங்க?" என்று நான் கத்தியே விட்டேன்.

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு அதை எடுத்தார். இத்தனை மாதமும் அதை அங்கேயேதான் வைத்திருந்திருக்கிறார். எனக்கே தெரியாது. அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். வட்டமாக வெட்டிய மூலைகள். அதில் ஒன்று இஸ்திரிப் பெட்டியில் சுருண்டது. பின்பக்கம் பிளேடு கீறியதும் ஊசி துருவியதுமாக வெள்ளிப் பட்டை குதறிப்போய்க் கிடந்தது. ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"லேமினேஷன் போட்டுட்டீங்களா?"

"நனைஞ்சிடுமேன்னு..." என்றார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ மொதமொதல்ல அனுப்பினது பாப்பா. அழிஞ்சிடக்கூடாதுன்னு" என்றார்.

அவள் அட்டையிலிருந்து தலையைத் தூக்கினாள். "இதை எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானேப்பா? ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா நான் ஒரு மெயில் போட்டிருப்பேனே!"

"பண்ணினேனே" என்றார் இவர். "தெனமும்தான் பண்ணினேன். சாப்பிட்டியான்னு கேப்பேன். அடுத்ததா இதைச் சொல்லலாம்னு வாயெடுப்பேன். அதுக்குள்ள நீ அம்மாகிட்ட குடுங்கன்னுடுவே."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அந்தக் குழியிலேயே குனிந்துவிட்டாள். இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தோளில் கை வைக்கலாமா வேண்டாமா என்று கை பாதியில் நின்றது. கடைசியில் வைத்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

ஊருக்குத் திரும்பும்போது அவள், "இனிமே வவுச்சர் கிவுச்சர் எல்லாம் கிடையாதுப்பா. நீங்களே கடை கடையாப் பார்த்து நல்லதா ஒண்ணு எடுங்க. எடுத்தவுடனே சொல்லுங்க, நான் பணம் கட்டிடுறேன்" என்றாள். "சரி பாப்பா" என்றார். எனக்கும் ஒரு வாரத்தில் விடிவு வந்துவிடும் என்று இருந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான். தினமும் கடையைப் பூட்டிவிட்டு ஒரு மெத்தைக் கடைக்குப் போகிறார். உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்ததும் அவளே கூப்பிடுகிறாள், இவருடைய போனுக்கு. "ஸ்பிரிங் வேண்டாம் பாப்பா, நாள்பட நாள்பட சத்தம் போடும்" என்கிறார். "அதெல்லாம் அந்தக் காலம்ப்பா. நீங்க ஃபோமைப் பாருங்க" என்கிறாள். "ஃபோம் சூடு" என்கிறார். ஆறு அங்குலமா எட்டு அங்குலமா என்று சண்டை. சண்டை எங்கெங்கோ சுற்றி அவளுடைய ஆபீஸுக்குப் போகிறது, மேலதிகாரியின் கஞ்சத்தனத்துக்குப் போகிறது, அவள் அறையில் ஒழுகுகிற குழாய்க்குப் போகிறது. இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். நான் போனுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். இவர் என் கையைப் பார்க்கிறதே இல்லை. சாப்பாடு ஆறுகிறது.

போன வாரம் அவள் கேட்டாள், "என்னப்பா, இன்னுமா முடிவு பண்ணல? அம்மா முதுகு என்னாகும்?"

"இன்னும் ஒரு கடை பாக்கி இருக்கு பாப்பா. நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

இந்த ஊரில் இவர் பார்க்காத மெத்தைக் கடை ஒன்றும் பாக்கியில்லை. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், "சரிப்பா, நிதானமாப் பாருங்க" என்று உடனே சொல்லிவிட்டாளே.

ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டிய தடித்த போர்வை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். நாலாக மடித்துக் குழியில் போட்டுக்கொண்டேன்.